ரகசியம் பேசத் தெரியாத தெரு

எங்கள் தெருவில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் இது சண்டைக்காரத் தெரு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. தெருமுனையில் சிமெண்ட் ஆலை. ஆலையின் மதிலை ஒட்டி மில். ஒரு வீட்டைவிடப் பெரிய இரும்பு உருளைக்குள் குண்டுகள் உருண்டு உருண்டு கல்லை மாவாக்கும். அந்த இரைச்சல் இரவும் பகலும் ஓயாது. ஒரு கை உப்புக் கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும், பிள்ளையைக் கொஞ்சுவதானாலும் கத்தித்தான் கொஞ்ச வேண்டும்.

நான் ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முந்திரித் தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. அங்கே பழம் விழுந்தால்கூடக் கேட்கும். வந்த முதல் நாள் மாமியார் என்னைப் பார்த்து, "சாப்புட்டியா?" என்று போட்ட சத்தத்தில், என்ன தப்புச் செய்தோமோ என்று நான் அழுதுவிட்டேன். மருமகள் அழுகிறாளே என்று பதறி அவர் இன்னும் சத்தமாகச் சமாதானம் சொன்னார். நான் இன்னும் அழுதேன். ஒரே மாதத்தில் எனக்கும் தொண்டை திறந்துகொண்டது. இப்போது பிறந்த வீட்டுக்குப் போனால் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்டி, நான் என்ன அடுத்த ஊர்லயா நிக்கிறேன்?" என்கிறாள்.

என் வீட்டுக்காரர் அந்த மில்லில் ஆபரேட்டர். மில்லுக்குப் பக்கத்தில் போய்விட்டால் கத்தினாலும் பயனில்லை. அதனால் அங்கே வேலை செய்தவர்களுக்கென்று ஒரு கைப்பாஷை உண்டு. ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கி வட்டமாகச் சுற்றினால், ஓடட்டும். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால், நிறுத்து. மடக்கிய கையால் தலையில் தட்டினால் சுண்ணாம்புக்கல். விரல்களைப் பிசைந்து காட்டினால் களிமண். உப்புக் கிள்ளுவதுபோல் காட்டினால் ஜிப்சம். இதையெல்லாம் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோறு போதும் என்றால் கையைக் குறுக்கே வைப்பார். நான் திட்ட ஆரம்பித்தாலும் அதே கைதான். திட்டுக்கு மட்டும் அது பலித்ததில்லை.

ஆலையின் கேட்டுக்கு எதிரே என் மெஸ். மாமியார் தொடங்கியது, நான் பெரிதாக்கியது. மூன்று ஷிப்டுக்கும் அடுப்பு எரியும். என் மெஸ்ஸில் ஒரு சட்டம், இலையில் சோற்றை மீதி வைத்தால் என் வாயில் விழ வேண்டியதுதான். ஆபீசராக இருந்தாலும் சரி, லாரி டிரைவராக இருந்தாலும் சரி. திட்டு வாங்குவதற்கென்றே மிச்சம் வைக்கிறவர்களும் இருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஆம்பளைகளுக்கு எதில்தான் சுகம் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஆலை பழசு. அதற்குப் புது மிஷின் போடுவதைவிட ஆந்திராவில் புதிதாகவே ஒன்று கட்டிவிடலாம் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. மாவட்டத்தில் வேறு ஆலைகள் இருக்கின்றன. இளவட்டங்கள் சிலர் அங்கே தொற்றிக்கொண்டார்கள். சிலர் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். மற்றவர்கள் என் மெஸ்ஸில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானித்தார்கள். ஒருவர் சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கக் குழியில் தண்ணீர் விட்டு மீன் வளர்க்கலாம் என்றார். இன்னொருவர் குழிக்குள் கிடக்கிற, கல்லாகிப்போன பழங்காலத்து நத்தைகளைக் காட்டி மியூசியம் வைக்கலாம், வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவான் என்றார். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலேஜ் ஆக்கணும் என்றார் மூன்றாமவர். நான் கரண்டியோடு வெளியே வந்தேன்.

"வர்றவன் எல்லாம் எங்க சாப்புடுவான்? அத மொதல்ல சொல்லுங்க" என்றேன்.

"ஒங்கிட்டதான்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

மில்லை நிறுத்தியது ஒரு மத்தியான வேளையில். நான் மெஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இரைச்சல் இறங்கிக்கொண்டே வந்து, பிறகு இல்லவே இல்லை. என் வீட்டுக்காரர் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். நான் விரலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றி, ஓடுதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, நின்றதுதான் காதுக்கே தெரிந்ததே. அவர் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே போய், யாரும் வந்து சாப்பிடப்போகாத ரசத்துக்குத் தாளித்துக் கொட்டினேன்.

அதற்கப்புறம் தெரு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சத்தம் இல்லாமல் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. கைக்குழந்தைகள் வீறிட்டன. பக்கத்து வீட்டுக்காரி ஒன்றுமில்லாத கிரைண்டரை ஓடவிட்டு அதன் பக்கத்தில் தூளி கட்டினாள். பிள்ளை உடனே தூங்கியது. கிரைண்டர் சத்தத்தில் அவள் வீட்டுக்காரரும் தூங்கிவிட்டார்.

அதைவிடப் பெரிய கூத்து, எங்கள் குரல்கள் எங்களுக்கே கேட்க ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அந்த இரைச்சலைத் திரையாக வைத்துக்கொண்டு அவரவர் வீட்டில் அவரவர் பேசியிருக்கிறோம். திரை போய்விட்டது, தொண்டை மட்டும் பழையபடியே இருந்தது. யார் வீட்டில் யாருக்கு மூலம், எந்த மாப்பிள்ளை தலைக்குச் சாயம் அடிக்கிறார், எல்லாம் நடுத்தெருவில் வந்து நின்றது.

எதிர்வீட்டுத் தையற்காரி என்னைவிட இளையவள், என் சிநேகிதி. அவளுக்கு வரதராஜன்பேட்டையில் பிறந்த வீடு. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் காலை நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அவள் தன் வீட்டுக்குள் புருஷனிடம் ரகசியம் சொன்னாள்.

"சமையல அக்காகிட்ட குடுக்கலாம்தான். ஆனா அந்த சாம்பார் இருக்கே, கழனித்தண்ணி மாதிரி. மூஞ்சிக்கு நேரா எப்புடி சொல்றது?"

மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது. துடைப்பத்தோடு அவள் வாசலில் போய் நின்றேன்.

"எது கழனித்தண்ணி? இத்தன வருசமா ஓசியில கிண்ணம் கிண்ணமா வாங்கிக் குடிச்சியே, அப்ப தெரியலயாடி?"

அவள் தையல் மிஷினிலிருந்து எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டு தெருவுக்கே வந்துவிட்டது. "அய்யோ அக்கா, கேட்டுடுச்சா? மெதுவாத்தான சொன்னேன்" என்று கத்தினாள். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அவள் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்றைக்கே சமையலை என்னிடம் ஒப்படைத்தாள். பிரியாணி, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புத் தால்சா, கறி சாப்பிடாதவர்களுக்குத் தனிப் பந்தி. "சாம்பார் மட்டும் வேணாங்க்கா" என்றாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

கல்யாணச் சமையல் ஒன்று கிடைத்தது என்றாலும் மெஸ் படுத்துவிட்டது. அதை மறைப்பதற்கில்லை. எனக்குக் கொஞ்சமாகச் சமைக்க வராது. கை அப்படிப் பழகிவிட்டது. அரிசியை அளக்கும்போதே ஒரு ஷிப்டுக்கு அளந்துவிடுவேன். வருவது நாலைந்து லாரிக்காரர்கள். மீதியைத் தெருவுக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டு, கழுவின இலைகளை எண்ணாமல் ஓரமாக அடுக்கிவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு சாயங்காலம், மெஸ் வாசலில் தெருப் பெண்களோடு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குன்னத்து வெங்காயம், காரம் அதிகம். மொட்டைமாடியில் என் வீட்டுக்காரர் போனில் பேசுவது கேட்டது. ஆந்திராவுக்குப் போய்விட்ட பழைய ஆபீசரோடு பேசினார். என் வீட்டுக்காரர் மில் இரைச்சலில் காது கொஞ்சம் மந்தமானவர், தானும் மெதுவாகப் பேசுவதாகவே நம்பிக்கொண்டிருந்தவர்.

"சார், என் சம்சாரத்துக்கு இது தெரியாது சார். தெரிஞ்சா வூட்ட ரெண்டாக்கிடுவா. அந்த வேலைய எனக்குன்னு வச்சிருங்க. மாசக் கடைசிக்குள்ள சொல்லிடறேன். மெஸ்ஸ மூடிட்டு அவளையும் எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துடறேன்."

வெங்காயம் உரித்த அத்தனை கைகளும் நின்றன. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தையற்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒரே காத்துக்கா, ஒண்ணுமே காதுல வுழல" என்றாள். ஒரு முருங்கை இலைகூட அசையவில்லை. வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று, என் கண்ணுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் இறங்கி வந்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். போனார்கள், ஆனால் அவரவர் வாசலுக்குத்தான் போனார்கள்.

"ஆந்திராவுல குளிரா, வெயிலா?" என்றேன்.

தண்ணீர் அவருக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "யாரு சொன்னா?" என்றார்.

"நீங்கதான். ஊருக்கே சொன்னீங்க. எனக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னும் சேத்துச் சொன்னீங்க."

அவர் கைகளை மார்பில் குறுக்கே வைத்தார். நான் விடவில்லை. என் மாமியார் வைத்த அடுப்பு, நான் நின்ற நிலம், எனக்குத் தெரியாமல் மூடுவதற்கு நீங்கள் யார் என்று ஒரு மூச்சு கொட்டித் தீர்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கையை இறக்கிவிட்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக உண்மையிலேயே மெதுவாகச் சொன்னார்.

"நீ அடுப்பு முன்னாடி சும்மா உக்காந்துகிட்டு வாசலயே பாத்துட்டு இருக்கறத என்னால பாக்க முடியல, புள்ள. வேற எங்கனா போயிட்டா நீ இத மறந்துடுவேன்னு நெனச்சேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா. "எனக்குத் தெலுங்கு தெரியாது. அங்க போயி நான் யாரைத் திட்டுவேன்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஒரு முடிவுக்கு வந்தோம். மாதக் கடைசி வரை பார்ப்பது. அதற்குள் அடுப்பு பழையபடி எரிய ஒரு வழி தெரிந்தால் இருப்போம். தெரியாவிட்டால் நான் ஒரு வார்த்தை பேசாமல் சாமானைக் கட்டிவிட வேண்டும். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டும்போதே மெஸ் சுவரைத்தான் பார்த்தேன். அந்தச் சுவரில் சிமெண்ட் தூசு படிந்து படிந்து பழைய சுண்ணாம்பு நிறமே தெரியாது. அதைக்கூட விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

தையற்காரி மகள் கல்யாணம் மாதக் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தது. மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து பக்கத்திலேயே பந்தல். நான் விடிவதற்கு முன்பே பெரிய தேக்சாக்களை அடுப்பில் ஏற்றிவிட்டேன். என் கைக்குப் பழக்கமான அளவு. பல நாள் கழித்து உடம்பில் தெம்பு வந்தமாதிரி இருந்தது. பரிமாறுவதற்குப் பெரம்பலூரிலிருந்து காலேஜ் பையன்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, நல்ல பையன்கள். தெருவில் மிச்சமிருந்த மில்லுக்காரர்கள் அத்தனை பேரும் விருந்தாளிகளாக முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பிரியாணி போட ஆரம்பித்த நேரம், பந்தலுக்குள் பேண்டு செட் நுழைந்தது. கூடவே ஒலிபெருக்கியில் பாட்டு. காது கிழிந்தது. பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் எடுபடவில்லை. முன்வரிசையில் ஒருவர் இலையில் மூன்று தடவை சோறு விழுந்தது. பின்வரிசையில் வெறும் இலையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கறி சாப்பிடாதவர்களின் பந்திக்குப் பிரியாணி வாளி போய்விட்டது. அங்கே ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். தையற்காரி என்னிடம் ஓடி வந்து ஏதோ சொன்னாள். எனக்கே கேட்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது மட்டும் புரிந்தது. மகளின் மாமியார் வீட்டார் முன்னால் மானம் போகிறது.

அப்போது என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் ஒரு நாற்காலியில் ஏறி நின்றார். மடக்கிய கையால் தன் தலையில் தட்டிவிட்டு, பின்வரிசையைக் காட்டினார். மில்லுக்குள் அதிகம் போவது சுண்ணாம்புக்கல், பந்தியில் சோறு, அவ்வளவுதான். நான்கு மில்லுக்காரர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்கள். அவர் விரல்களைப் பிசைந்து காட்டினார், தால்சா போயிற்று. உப்புக் கிள்ளுவதுபோல் காட்டினார், தயிர்ப் பச்சடி போயிற்று. கறி வேண்டாத பந்தியைக் காட்டிக் கைகளைக் குறுக்கே வைத்தார், பிரியாணி வாளி திரும்பி வந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காலேஜ் பையன்கள் இரண்டு நிமிஷம் திகைத்தார்கள், மூன்றாவது நிமிஷம் அவர்களும் தலையில் தட்டிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். சோறு சுண்ணாம்புக்கல், அதுகூடப் போகட்டும். என் தால்சாவைக் களிமண் என்று பந்தல் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறாரே, அதற்கு வேறு சைகை கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு. வீட்டுக்கு வரட்டும் என்று கறுவிக்கொண்டேன்.

பந்தி முடிகிற நேரத்தில் ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் தேக்சா பக்கத்தில் வந்து நின்றார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை. காதருகே குனிந்து சொன்னார்.

"தை மாசம் என் பையனுக்குக் கல்யாணம்ங்க. இதே சமையல், இதே ஆளுங்க வரணும். சத்தமே போடாம பந்தி நடத்துறத நான் இப்பதான் பாக்குறேன். எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு கல்யாணம் இருக்கு, நானே சொல்லி வுடுறேன். வருவீங்களா?"

சத்தம் போடாத ஆட்கள் என்று எங்களைத்தான் சொல்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் உடனே சரி என்று சொல்லிவிட முடியாது. இதற்குச் சரி என்றால் மெஸ் அடுப்பு எரியும், அத்தனை மில்லுக்காரர்களும் வேண்டும், அவர் இருக்க வேண்டும். முடிவை நான் ஒருத்தி எடுப்பதாக இருந்தால் எப்போதோ எடுத்திருப்பேன். பந்தலின் அந்தக் கோடியில் அவர் இன்னும் நாற்காலி மேல்தான் நின்றார். பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. நான் ஜெயங்கொண்டத்துக்காரரைக் காட்டினேன். கரண்டியைக் காட்டினேன். பிறகு ஆலை நின்ற அன்றைக்குக் கேட்டதுபோல், விரலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை வலித்தது, இறக்கவில்லை. பிறகு அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, விரலைத் தூக்கித் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு சுற்றும் சுற்றினார். நான் அழுதேன். பிரியாணிப் புகை என்று ஜெயங்கொண்டத்துக்காரரிடம் சொன்னேன். அந்தச் சைகைக்கு அர்த்தம் தெரியாத ஒரு காலேஜ் பையன், எல்லா வரிசைக்கும் இன்னொரு சுற்றுப் பச்சடி கொண்டு ஓடினான்.

ஊருக்கு இதனால் விடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். திருப்பூருக்குப் போனவர்கள் போனவர்கள்தான். குவார்ட்டர்ஸ் பூட்டியே கிடக்கிறது. மீன் வளர்ப்பும் மியூசியமும் இன்னும் டீ கிளாஸைத் தாண்டவில்லை. ஆனால் முகூர்த்த நாட்களில் எங்கள் தெருவில் ஆம்பளைகளைப் பார்க்க முடியாது. தால்சாவுக்குப் புதுச் சைகை கண்டுபிடித்தாயிற்று. நான் சொல்லித்தான்.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் காலை நான் வாசலில் தேக்சா தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி மாடிப்படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"இல்ல சார், வரல. அவ வேணாம்னெல்லாம் சொல்லல சார். எனக்குத்தான் இந்த ஊர வுட்டு வர மனசில்ல."

தையல் மிஷின் நின்றது. கிரைண்டர் நின்றது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தையற்காரி எனக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "என்னக்கா சொல்றாரு?" என்றாள்.

"எனக்கெப்புடிடி தெரியும்? அவரு ரகசியமால்ல பேசுறாரு" என்றேன்.